நிலை கலங்கா யந்திரங்கள்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் யாம் யந்திரங்களைப் பற்றி எழுதப் புகுவது, நம் கலாசாலைச் சஞ்சிகையைப் படிக்கும் அன்பர் சிலர்க்கு வியப்பைத் தரலாம். இலக்கணமும் இலக்கியமும் கற்பார்க்கு எஞ்சினோடு யாது உறவு என்று வினவுவாரும் உளராவர். யாம் பிறந்து வளர்ந்தது புதுவை நகரின் கடற்கரையை அடுத்த ஒரு குப்பத்தில். காற்றும் அலையும் நாம் கருதியபடி நில்லா என்பதும், நில்லாவிடினும் படகு கரைக்கு வந்தே தீரவேண்டும் என்பதும் எமக்கு இளமை முதலே தெரிந்த செய்திகள். விடுதியில் எம்மோடு ஓர் அறையில் உறையும் பௌதிக மாணவர் ஒருவர், ஐயப்பாடும் புற இடையூறும் சூழ்ந்தவிடத்தும் யந்திரங்களைத் தடுமாறாமல் நடத்தும் முறைகளைப் பற்றிய நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிரவு எமக்கு விளக்கலானார். அவர் கூறியவற்றுட் பாதி, எம் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து வலையைச் செப்பஞ் செய்துகொண்டே கூற யாம் கேட்டவை. அவ்வொற்றுமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

முதற்கண், யந்திரத்தைக் கட்டுப்படுத்துதல் என்பது யாது என்று காண்போம். புதுவையில் கடலுக்கு இணையாகச் செல்லும் ரோமன் ரோலண்ட் வீதியில் ஒருவன் சைக்கிளில் செல்கின்றான் என்று கொள்க. இருமருங்கும் உயர்ந்த மதில்கள் உள்ளவரை காற்று அவனை வருத்தாது. குறுக்குத் தெரு ஒன்று கடலை நோக்கித் திறக்கும் இடம் வந்தவுடன், கீழ்காற்று விலாப்புறத்தில் மோதி அவனை ஒதுக்கும். அவனோ தான் செல்லவேண்டிய நெறியையும் தான் சென்றுகொண்டிருக்கும் நெறியையும் கண்ணால் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குத் தக்கவாறு கைப்பிடியைத் திருப்புகின்றான். நோக்கம், அளவு, வேறுபாடு, திருத்தம் என்னும் இந்நான்கும் ஓயாது ஒரு வட்டமாகச் சுழல்வதைப் பின்னூட்டம் என்பர். காற்று எவ்வளவு விசையோடு வரும் என்று அவன் முன்னரே கணக்கிட்டு வைக்கவில்லை. கணக்கிடாமலே அதனைச் சமாளிக்கின்றான். பின்னூட்டத்தின் சிறப்பு இதுவே. ஆயினும், காற்று மோதியவுடன் அஞ்சிக் கைப்பிடியை வெடுக்கெனத் திருப்புவானாயின், சைக்கிள் மறுபுறம் சாயும். அதனைத் திருத்தப் புகின் இப்புறம் சாயும். ஈற்றில், காற்று வீழ்த்தாதவனை அவனுடைய திருத்தமே வீழ்த்திவிடும்.

இவ்விரு உண்மைகளும் யந்திர உலகில் விளக்கமுற்றது நீராவி எஞ்சினின் காலத்திலேயாகும். ஜேம்ஸ் வாட் என்பார் 1788ஆம் ஆண்டில் தம் எஞ்சினுக்குக் கவர்னர் என்னும் உறுப்பை அமைத்தார். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் தண்டு ஒன்றில் இரண்டு குண்டுகள் தொங்கும். வேகம் மிகுந்தால் அக்குண்டுகள் அகன்று உயரும், அவை உயர உயர, நீராவி புகும் வழி குறுகும், வேகம் தணியும். ஆலையில் பல தறிகள் ஒருங்கே நிறுத்தப்பட்டுச் சுமை குறைந்தபோதும், எஞ்சின் கட்டவிழ்ந்து ஓடாதபடி காத்தவை இக்குண்டுகளே. எனினும் சில எஞ்சின்களில், காவலாக வைத்த கவர்னரே கலகம் விளைத்தது. வேகம் ஓரிடத்தில் நில்லாது ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தது. இதன் காரணத்தை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதத்தால் ஆராய்ந்து, 1868ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருத்தும் கருவி எப்பொழுது நிலைநிறுத்தும், எப்பொழுது நிலைகுலைக்கும் என்னும் வினா அன்று முதல் கணிதத்தின் வினாவாயிற்று.

அடுத்துக் கூறத்தக்கவர் ஹரால்டு பிளாக் என்னும் அமெரிக்கர். நெடுந்தொலைத் தொலைபேசிக் கம்பியில் குரல் தேய்ந்துபோகாதபடி இடையிடையே பெருக்கிகளை அமைத்தல் வேண்டும். அக்காலத்துப் பெருக்கிகளில் இருந்த குழல்களோ, வெப்பத்தாலும் பழமையாலும் குணம் மாறுவன. குழலைத் திருத்த முயன்று பல ஆண்டுகள் கழித்த பிளாக், 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் காலை, நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குச் செல்லுங்கால், வேறொரு வழியைக் கண்டு, கையிலிருந்த செய்தித்தாளின் ஒரு பக்கத்திலேயே எழுதினார். பெருக்கியினின்று வெளிவருவதில் ஒரு பகுதியைத் திருப்பி, உட்செல்வதற்கு எதிராகச் செலுத்துதலே அவ்வழி. அங்ஙனம் செய்தால் பெருக்கம் மிகக் குறைந்துவிடும். ஆயின் எஞ்சி நிற்கும் சிறு பெருக்கம், குழல் பழுதுபடினும் மாறாத உறுதியுடையதாய் நிற்கும். மிகுதியை விட்டுக்கொடுத்து நிலைபேற்றை வாங்கினார் அவர். இக்கொடுக்கல் வாங்கலை அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். மேல்வருவன யாவும் இதனைப் பற்றியனவே.

1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இக்கலை மிக்க நுட்பம் எய்திற்று. குறைந்த எரிபொருளில், குறைந்த காலத்தில், மிகச் சிறந்த பயனைத் தரும் கட்டுப்பாடு எது என்று கணிதத்தால் காணும் முறைகள் தோன்றின. யந்திரத்தின் இயல்பு தாளில் எழுதிய சமன்பாட்டோடு முற்றும் ஒத்திருக்கும் வரை அவை வியக்கத்தக்கனவே. ஆனால் எந்த யந்திரம் தாளில் எழுதியபடி இருக்கின்றது? இரும்பு தேய்கின்றது, எண்ணெய் தடிக்கின்றது, சுமை மாறுகின்றது. சமன்பாட்டினின்று யந்திரம் சிறிது வழுவினும், அச்சிறந்த கட்டுப்பாடு நிலைகுலையக்கூடும் என்று ஜான் டாயில் 1978இல் ஒரு சிறு கட்டுரையாற் காட்டினார். ஐயப்பாட்டையே முதற்பொருளாகக் கொண்டு கட்டுப்பாட்டை வகுக்கும் புதுநெறியை ஜார்ஜ் ஜேம்ஸ் 1981இல் தொடங்கினார். இதனை உறுதிநிலைக் கட்டுப்பாடு என்று நாம் வழங்கலாம்.

இந்நெறியின் சாரம் எளிதே. நமக்கு இருவகை அறியாமை உண்டு. யந்திரத்தின் உண்மை இயல்பைப் பற்றிய அறியாமை ஒன்று. வெளியேயிருந்து எது வந்து தாக்கும் என்னும் அறியாமை மற்றொன்று. இவற்றை முற்றும் போக்குதல் இயலாது. ஆயினும் அவற்றிற்கு எல்லை வகுத்தல் இயலும். சுமை எவ்வளவு என்று தெரியாவிடினும், இத்தனைக்குக் குறையாது, இத்தனைக்கு மிகாது என்று கூறலாம். அவ்வெல்லைக்குள் எது நேரினும், அவற்றுள் மிகக் கொடியதே நேரினும், தடுமாறாத ஒரு விதியைத் தேடுதலே இக்கலையின் வேலை. எல்லையை மிகக் குறுக்கினால் யந்திரம் முதற்புயலிலேயே கவிழும். மிக அகற்றினாலோ, எதற்கும் அஞ்சி எதையும் செய்யாத யந்திரமாய் முடியும். எல்லையைச் சரியாக அளப்பதிலேயே அறிவு முழுதும் அடங்கியிருக்கின்றது.

இதற்குத் தக்க சான்று நம் நாட்டிலேயே உளது. புதுவையினின்று ரயிலேறுவார் பெரும்பாலும் கடந்து செல்லும் ஊர் விழுப்புரம். அவ்வூரில் ஒரு ரயில்வே ஊழியரின் மகனாய்ப் பிறந்தவர் வீரமுத்துவேல். செயற்கைக்கோளில் உள்ள மின்னணுப் பெட்டகங்களின் அதிர்வை அடக்குதல் பற்றி ஆராய்ந்தவர். பின்னர்ச் சந்திரயான் மூன்றின் திட்ட இயக்குநராய் விளங்கினார். அத்திட்டத்தின் வரலாறு, அதற்கு முன்னைய முயற்சியின் வீழ்ச்சியினின்று தொடங்குகின்றது.

நிலவில் இறங்கும் கலம், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 1.6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு செல்லுங்கால் இறக்கத்தைத் தொடங்கி, இருபது நிமிடங்களுக்குள் அவ்வேகம் முழுதையும் இழந்து தரையைத் தொடுதல் வேண்டும். அங்கே காற்று இல்லை. ஆகவே குடை விரித்து இறங்கல் ஆகாது. பூமியினின்று ஒரு குறிப்பு நிலவைச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஆகவே இங்கிருந்து சுக்கான் பிடித்தலும் ஆகாது. கலம் தானே பார்த்து, தானே ஒப்பிட்டு, தானே திருந்துதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பின்னிரவில் சந்திரயான் இரண்டின் கலம் இறங்கியபோது, அதன் ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததினும் சற்று மிகுந்த விசையைத் தந்தன. அதனால் எழுந்த வேறுபாடுகள் மேன்மேலும் திரண்டன. அவற்றைத் திருத்தக் கலம் மிக விரைவாகத் திரும்பவேண்டியதாயிற்று. ஆனால் அது திரும்பும் விரைவுக்கு மென்பொருளில் ஒரு வரம்பு இடப்பட்டிருந்தது. இறங்குதற்கு வகுத்த இடமோ அரைக் கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமுமே உடையது. அச்சிறு இடத்தை எட்டும் பொருட்டுத் தரை நெருங்கிய வேளையிலும் கலம் வேகத்தைக் கூட்ட முயன்றது, தொடர்பு அறுந்தது.

நான்காண்டுகளுக்குப் பின் அறிஞர்கள் செய்தது யாது? எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது என்று கேட்பதை விடுத்து, எவையெவை தவறக்கூடும், தவறினும் எப்படி இறங்குவது என்று கேட்டனர். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உடையதாக விரித்தனர். தரையில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினும் ஒடியாதபடி கால்களை உறுதிப்படுத்தினர். எரிபொருளை மிகுத்தனர், ஐந்து எஞ்சின்களை நான்காக்கினர், தரையை நோக்கிய வேகத்தை அளக்க லேசர்க் கருவி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தனர். இரண்டு எஞ்சின்கள் இயங்காவிடினும் கலம் இறங்கும் என்று விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் அந்நாளைய தலைவர் சோமநாத் முன்னரே அறிவித்தார். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு அது நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் இனிது இறங்கிற்று. பிளாக் பெருக்கத்தை விட்டுக்கொடுத்தது போல, இவர்கள் எடையையும் எரிபொருளையும் குறிதவறாப் பெருமையையும் விட்டுக்கொடுத்து நிலைபேற்றை வாங்கினர்.

இனி நிலவினின்று எம் குப்பத்துக்கு வருவோம். எம் பாட்டனார் தம் இளமையிற் கட்டுமரம் ஏறியவர். ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழியில் எடுத்துக்கொண்ட இத்தமிழ்ச் சொல்லின் பொருளிலேயே அதன் வலிமையும் அடங்கியிருக்கின்றது. மரங்களைக் கயிற்றாற் கட்டியதே கட்டுமரம். அலை மேலே புரண்டால் நீர் மரங்களின் இடைவெளியே வடிந்துபோகும், இறைக்கவேண்டுவது இல்லை, நிறைந்து மூழ்குவதற்கு உட்குழியும் இல்லை. அலையைத் தடுக்க முயலாது, அதற்கு வழிவிட்டுத் தான் நிலைத்திருப்பது அதன் இயல்பு. கரையில் உடையும் அலைகளைக் கடக்குங்கால், அணியத்தை அலைக்கு நேரே வைத்து, துடுப்பைச் சிறுகச் சிறுக இடவேண்டும் என்பார் பாட்டனார். புதிதாய்ப் பழகுவோர் துடுப்பைப் பெரிதாக வீசி மரத்தைக் குறுக்கே திருப்பிவிடுவர். குறுக்கே திரும்பியதை அலை புரட்டிவிடும். அடுத்த அலை எத்தன்மையது என்று அவருக்கும் தெரியாது. எவ்வளவு அலைவரை கடலில் இறங்கலாம், எதற்கு மேல் இறங்கலாகாது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லை வகுத்தல் என்று விடுதித் தோழர் கூறியபோது எம் நினைவுக்கு வந்தது இதுவே.

இன்று எம் தந்தையார் ஓட்டுவது ஃபைபர் படகும் அதன் எஞ்சினும். கடன் பெற்று வாங்கியவை. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் நடுவில் வங்கக் கடலிலே தோன்றிய தாழ்வு மண்டலத்துக்காகப் பாட்டனார் படகைக் கரையில் மிக உயர ஏற்றச் செய்தார். ஆட்கூலி ஆயிற்று, சில நாள் வருவாய் போயிற்று. அம்மண்டலமோ சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. எம் குப்பத்துக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நவம்பர்த் திங்கள் இறுதியில் மீண்டும் எச்சரிக்கை வந்தது. புயலாக வலுக்குமா, வலுக்காதா என்று கணிப்புக்களும் மாறி மாறி வந்தன. அவ்வாரம் படகின் கடன் தவணையும் எம் தங்கையின் பள்ளிக் கட்டணமும் ஒருங்கே நின்றன. தந்தையார் பொறுக்கமாட்டாது, "அப்பா, ஒவ்வொரு காற்றுக்கும் இப்படிப் படகை ஏற்றி வைத்தால், அடுப்பை எதைக்கொண்டு எரிப்பது?" என்றார். பாட்டனார் வலையினின்று கண்ணை எடுக்காமலே, "அடுப்பு எரியவில்லை என்றால் கடன் கேட்கலாம். படகு போய்விட்டால் எவன் கடன் கொடுப்பான்?" என்றார். அன்று இருவர் கூற்றும் எமக்கு உண்மையாகவே பட்டது. எச்சரிக்கையாய் இருத்தல் இலவசமன்று. வறியவர்க்கு அதன் விலை அரிசியாகவும் கட்டணமாகவும் உடனே கேட்கப்படுகின்றது.

ஆயினும் பாட்டனார் படகை ஏற்றச் சொன்ன இடம் மனம்போன போக்கில் வகுத்தது அன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கரையேறியபோது, அலை வந்து தொட்ட இடத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. அம்மரத்துக்கு அப்பால் ஒரு படகின் நீளம்; அதுவே அவர் கணக்கு. அதற்கு மேல் ஓரடியும் வேண்டியதில்லை என்பார். தாம் கண்ட மிகக் கொடியதை அளந்து, அதன்மேற் சிறிது கூட்டி, அவ்வளவில் நின்றார்.

பெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் நாள் சனிக்கிழமை இரவில் புதுவைக்கு அருகே கரையேறி, நெடுநேரம் நகராது நின்றது. ஒருநாட் பொழுதில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. மறுநாள் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. கோயிலுக்குச் செல்லத் தெருவே இல்லை, நீரே இருந்தது. பூவரசுக்கு அப்பால் வைத்த படகு ஒரு கீறலுமின்றிக் கிடந்தது. ஆனால் எஞ்சினைக் கழற்றி வீட்டினுள் தரையில் வைத்திருந்தோம். கடல் வந்தால் எதுவரை வரும் என்று அறிந்த பாட்டனாரின் கணக்கில், நீர் தெருவழியே பின்புறத்தினின்று வரும் என்பது சேர்ந்திருக்கவில்லை. எஞ்சின் இரவு முழுதும் நீரில் நின்றது. அதனைச் செப்பனிடப் படகேற்றிய கூலியினும் பன்மடங்கு செலவாயிற்று.

இதிலும் ஒரு பாடம் உண்டு. உறுதிநிலைக் கட்டுப்பாடு, தான் எண்ணிய இடையூறுகளுக்கே உறுதியானது. எண்ணாத திக்கினின்று வருவதற்கு அதுவும் எளியதே. அதன்பொருட்டு எண்ணுதலைக் கைவிடுவார் இல்லை. ஐந்து எஞ்சின்களின் மிகுவிசையை 2019இல் கண்டவர்கள், 2023இல் அதனையும் எல்லைக்குள் அடக்கினர். நீர் வடிந்த அன்றே எம் பாட்டனார் சுவரில் நீர் நின்ற அளவுக்குக் கரியால் ஒரு கோடு கிழித்தார். அக்கோட்டுக்கு ஒரு முழம் மேலே, எஞ்சினை வைப்பதற்கு இன்று சிமெண்டு மேடை ஒன்று உள்ளது.

தந்தையாரின் வினாவுக்கும் விடை கிடைத்தது. அதனை அவரே கண்டார். மீன்பாடு நன்றாய் உள்ள நாளில், தவணைக்கும் வீட்டுக்கும் எடுத்தது போக, சிறு பங்கு ஒன்றை ஒரு தகரப் பெட்டியில் இட்டு வைக்கின்றார். காற்றெச்சரிக்கை வந்து படகு பூவரசுக்கு அப்பால் ஏறும் நாளில் மட்டுமே அப்பெட்டி திறக்கும். நல்ல நாட்களின் வருவாய் இதனாற் சற்றுக் குறைகின்றது. கெட்ட நாட்களின் இழப்பு பொறுக்கத்தக்கதாகின்றது. ஹட்சன் ஆற்றுப் படகில் பிளாக் எழுதிய கணக்கும், எம் வீட்டுத் தகரப் பெட்டியின் கணக்கும் ஒன்றே என்று விடுதித் தோழர் கூறுகின்றார். எம் தங்கையின் கட்டணம் இவ்வாண்டு உரிய நாளிற் செலுத்தப்பட்டது. எச்சரிக்கை வரும் நாட்களில் தந்தையாரும் பாட்டனாரும் இப்பொழுது வழக்காடுவதில்லை. இருவருமாகச் சேர்ந்து படகைத் தள்ளுகின்றனர்.